செம்பனைக் காட்டுல பெரிய கால்தடம், பக்கத்துல கம்பிச் சுருக்கு: யாருகிட்ட சொல்றது?

லிந்தாங் மீனா:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க மலேசியாவுல, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்லேர்ந்து லிந்தாங் போற பக்கம் இருக்கோம். தோட்டத்து லயத்துல பொறந்து வளந்த குடும்பம். தோட்டம் கைமாறினப்ப கிடைச்ச பணத்துல அப்பா காட்டோரமா அஞ்சு ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப் பனை) வாங்கினாரு. பழைய மரம் பாதி, போன வருஷம் நட்ட கன்னு பாதி.

போன சனிக்கிழமை காலையில அப்பாகூட உதிரிப்பழம் பொறுக்கப் போனேன். முந்தின ராத்திரி நல்ல மழை. ஓடைக்கிட்ட, மட்டை அடுக்கி வச்ச வரிசைக்கு ஓரமா, மஞ்சக் களிமண்ணுல ஒரு தடம். வட்டமா இருந்துச்சு, நாலு விரல். நகம் பதிஞ்ச மாதிரி தெரியல. என் கைய வச்சுப் பாத்தேன். விரல விட்டுட்டா உள்ளங்கை எவ்வளவு அகலமோ அவ்வளவு. தண்ணி இன்னும் முழுசா அதுல தேங்கல. எனக்கு முதுகெல்லாம் சிலுத்துடுச்சு. எங்க நாய் கருப்பனை வேற பத்து நாளா காணோம்.

அதோட திரும்பி வந்திருந்தா இங்க எழுதியிருக்க மாட்டேன். அங்கேர்ந்து ஒரு இருபது அடி தள்ளி, காட்டுப் பக்கமா, இளமரம் ஒண்ணு வில்லு மாதிரி வளைஞ்சு நின்னுச்சு. கிட்டப் போய்ப் பாத்தா மெல்லிசா ஒரு கம்பி, சருகுக்குள்ள போகுது. நான் குனிஞ்சேன், அப்பா என் கையப் பிடிச்சு இழுத்துட்டாரு. "பாக்காத மாதிரி வா"ன்னாரு.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னாரு. பக்கத்து நிலத்து மாமா பன்னிக்கு வச்சதாம். பன்னி வந்து கன்னுக் குருத்தைத் தின்னுட்டுப் போறது உண்மைதான், எங்களுக்கே பதினெட்டு கன்னு போச்சு. "அவரு நமக்கும் சேத்துத்தான் வைக்கறாரு"ன்னு அப்பா சொல்றாரு. அந்த மாமா யாரோ இல்ல. அம்மா தவறினப்ப பந்தல் போட்டதுலேர்ந்து பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் கூடவே நின்னவரு.

அது புலித் தடமா? பெர்ஹிலித்தானுக்கு, அதான் வனவிலங்குத் துறைக்கு, சொன்னா மாமாவைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்களா? நானே யாருக்கும் தெரியாம அந்தக் கம்பியை அவுத்துப் போட்டுடலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. அப்பாவுக்கு நான் இங்க கேட்டது தெரியாது.

ஈப்போ குமரன்:

தடத்தை அளந்து நாலு நம்பர் லாட்டரி எடுத்துடு மீனா. விழுந்தா எனக்கு ஒரு தே தாரிக் டீ. சும்மா சொன்னேன்லா. கவனமா இரு, ஓடைப் பக்கம் தனியா போகாத.

பட்டறைக்காரன்:

மகளே, எனக்கு 61 வயசு. சிப்புட் டவுன்ல முப்பத்து நாலு வருஷமா மோட்டார் பட்டறை வச்சிருக்கேன். புலியைப் பத்தி பேச இவன் யாருன்னு சிலர் கேக்கலாம். புலியைப் பத்தி எனக்குக் காதுல விழுந்ததுதான் தெரியும். அந்தக் கம்பியைப் பத்தி என்னைவிட நல்லாத் தெரிஞ்ச ஆளு இந்த டவுன்ல இருக்க மாட்டான். அதனாலதான் எழுதறேன்.

தடத்தை முதல்ல முடிச்சுடறேன். நகம் பதியலன்னா பூனை ஜாதி. நாய்க்கு நகத்தை உள்ள இழுத்துக்கத் தெரியாது. கரடின்னா அஞ்சு விரல், முன்னால நீளமா கீறல் இருக்கும். பொம்பளப் பிள்ளை உள்ளங்கை அகலம்னா எட்டு சென்டிமீட்டர் சொச்சம் வரும். வளந்த புலிக்கு பன்னெண்டு பதிமூணு சென்டிமீட்டர் இருக்கணும். அதுவும் மழைக் களிமண்ணுல தடம் விரிஞ்சு பெருசாத்தான் காட்டும். எனக்கு சிறுத்தைன்னு படுது. நம்ம பக்கத்துச் சிறுத்தை ஏறக்குறைய எல்லாமே கருப்புதான், அதைத்தான் ஆளுங்க கருஞ்சிறுத்தைன்னு தனி மிருகம் மாதிரி சொல்றாங்க. நாய்னா அதுக்கு ரொம்ப இஷ்டம். தடம் இன்னும் அழியாம இருந்தா பக்கத்துல ஒரு ஸ்கேலை வச்சு, நேர் மேலேர்ந்து படம் எடுத்து வைங்க.

இப்ப கம்பி.

நீங்க பாத்தது என்னன்னு பாக்காமலே சொல்றேன். ஒண்ணு கப்சாய்ங்கற சின்ன மோட்டார் சைக்கிளோட முன் பிரேக் கம்பி, இல்ல 125 சிசி வண்டியோட கிளட்ச் கம்பி. உறையை உருவிட்டா உள்ள இருக்கறது பின்னல் கம்பி. ஒரு முனையில ஈயக் குண்டு இருக்கும். சுருக்கு போடறவனுக்கு அந்தக் குண்டுதான் வசதி, முடிச்சு போட வேண்டிய வேலை இல்ல, வளைச்சு விட்டா தானா நிக்கும். இழுத்தா இறுகும், திரும்பத் தளராது. பிரேக் பிடிக்கறதுக்குன்னு செஞ்ச சாமான், அறுந்துடக் கூடாதுன்னு செஞ்சது. மிருகம் எவ்வளவு துள்ளினாலும் அது தன் வேலையைப் பாக்கும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, நான்தான் கொடுத்தேன். பட்டறைப் பின்னால ஒரு நீல டிரம் இருந்துச்சு. கழட்டின பழைய கம்பியெல்லாம் அதுல போடுவேன். தோட்டத்து ஆளுங்க வந்து "அண்ணே, பத்து கம்பி எடுத்துக்கவா"ன்னு கேப்பாங்க. எடுத்துக்கோம்பேன். காசு வாங்க மாட்டேன், தீபாவளிக்கு முந்தி ஒரு கிலோ பன்னிக் கறி வீடு தேடி வரும். இருபது வருஷம் இப்படி. பன்னிக்குத்தானேன்னு நினைச்சேன். நினைச்சேன்னு சொல்றதே பொய்யி, நினைக்கவே இல்ல.

எனக்கு ஒரு பழைய வாடிக்கைக்காரர் இருக்காரு, ராணுவத்துல இருந்து பென்ஷன் வாங்கினவரு. காட்டுல ரோந்து போறதுக்கு பழைய ராணுவத்து ஆளுங்களையும் பூர்வகுடி மக்களையும் பெர்ஹிலித்தான் எடுக்குது இல்லையா, அதுல சேந்துட்டாரு. ஒரு நாள் பிரேக் ஷூ மாத்த வந்தாரு. வேலை முடியற வரைக்கும் முக்காலியில உக்காந்து போன்ல படம் காட்டிட்டிருந்தாரு. கித்தான் விரிச்சு அது மேல அவங்க காட்டுல எடுத்த சுருக்குகளை வரிசையா அடுக்கி வச்சிருந்தாங்க. ஒரு முனையைப் பெருசாக்கி, "அண்ணே இது எந்த மோட்டாரு"ன்னு கேட்டாரு.

அது எந்த மோட்டார்னு எனக்கு அவசியமில்லாம போச்சு. ஈயக் குண்டு பிடுங்கிட்டு வந்தா புதுக் கம்பி வாங்கக் காசில்லாதவங்களுக்கு நானே குண்டு ஊத்திக் கொடுப்பேன். ஈயம் மட்டும் ஊத்தினா நழுவும். அதனால சின்னதா ஒரு பித்தளை வளையம் கோத்து, நார் பிரிச்சு மடக்கி, அது மேல ஈயம் ஊத்துவேன். என் முதலாளி சீனக் கிழவர் சொல்லிக் கொடுத்தது, சிப்புட்ல வேற யாரும் இப்படிச் செய்யறதில்ல. படத்துல அந்தப் பித்தளை வளையம் பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு.

நான் ஒண்ணும் பேசல. பிரேக் ஷூவுக்குக் காசு வாங்கவும் கை வரல. அவரு என்னமோ ஏதோன்னு பாத்துட்டு மேசை மேல வச்சுட்டுப் போனாரு.

அப்புறம்தான் அவரைப் பிடிச்சு வச்சுக் கேக்க ஆரம்பிச்சேன். 1950-கள்ல நம்ம தீபகற்பத்துல 3,000 புலி இருந்துச்சுன்னு கணக்கு சொல்றாங்க. 2014ல 250லேர்ந்து 340 வரைக்கும்னு சொன்னாங்க. 2016லேர்ந்து 2020 வரைக்கும் நாடு முழுக்க முதல் தடவையா ஒழுங்கா ஒரு கணக்கெடுப்பு நடந்துச்சு. காட்டுக்குள்ள எதிர் எதிரா ரெண்டு கேமரா கட்டி, ரெண்டு பக்க விலாவையும் படம் பிடிச்சு, வரியை வச்சு இது வேற அது வேறன்னு பிரிச்சாங்க. நம்ம கைரேகை மாதிரி, ஒரு புலியோட வரி இன்னொண்ணுக்கு இருக்காது, ஒரே புலிக்கே இடது பக்கமும் வலது பக்கமும் வேற வேற. கடைசியில வந்த எண்ணிக்கை 150க்கும் கீழ. 150 பிள்ளைங்களுக்குக் குறைஞ்சா அந்தப் பள்ளிக்கு அரசாங்கம் "குறைந்த மாணவர் பள்ளி"ன்னு பேர் வைக்கும். அந்தப் பேரு நம்ம தமிழ்ப் பள்ளிக்கு வந்தா நம்ம ஆளுங்க என்ன பாடு படறோம்னு உங்களுக்கே தெரியும். நாட்டுச் சின்னத்துல ரெண்டு பக்கமும் நிக்கற மிருகத்தோட நிலைமையும் அதுதான்.

புலியைக் குறி வச்சு வர்ற கும்பல் வேற. வெளிநாட்டிலேர்ந்து வந்து மாசக்கணக்கா காட்டுல தங்குவாங்க. குச்சியாலயும் தழையாலயும் நீளமா முழங்கால் உயரத்துக்கு வேலி கட்டி, அங்கங்க சந்து விட்டு, சந்துக்கு ஒரு சுருக்கு. அவங்க போடறது பெரும்பாலும் மரம் இழுக்கற வின்ச் கம்பியைப் பிரிச்சு எடுத்தது. ஆனா பன்னிக்குப் போட்டதுல புலி மாட்டாதுன்னு யாரும் எழுதிக் கொடுக்கல. மாட்டினா முதல் இழுப்புல கம்பி தோலுக்குள்ள போகும், அடுத்து எலும்பு. சில சமயம் கம்பியைப் பிடுங்கிட்டு ஓடிடும். ஓடி என்ன, கம்பி காலோட போகுது. 2009 அக்டோபர்ல பெலும்-தெமெங்கோர் காட்டுப் பக்கம் முன்னங்கால் மாட்டின ஆண் புலி ஒண்ணை உயிரோட மீட்டாங்க. மலாக்கா மிருகக்காட்சி சாலைக்குக் கொண்டு போய் வைத்தியம் பாத்தும் அந்த மாசமே செத்துடுச்சு.

உங்க மாமா விஷயத்துக்கு வர்றேன். 2010ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி சுருக்கு வைக்கறதும் குத்தம், கையில வச்சிருக்கறதும் குத்தம். பன்னிக்குன்னாலும் அப்படித்தான். 2022ல அந்தச் சட்டத்தைத் திருத்தி, உச்ச அபராதம் பத்து லட்சம் வெள்ளி (ரிங்கிட்), சிறை பதினஞ்சு வருஷம் வரைக்கும்னு ஏத்திட்டாங்க. அது பெரிய குத்தத்துக்கு. உங்க மாமாவுக்கு அவ்வளவு வராது, ஆனா வர்றது அவரு தாங்கற அளவுக்கும் இருக்காது.

அதனால முதல்ல மனுஷன்கிட்ட பேசுங்க. பதினாறு நாள் நின்னவருகிட்ட பேச ஒரு சாயங்காலம் போதும். அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க. கன்னைச் சுத்தி கம்பி வலை கூடு போட்டா பன்னி குருத்துக்கு வராது, செலவுதான், ஆனா ஒரு தடவை செலவு. நீங்களா தனியா போய்க் கழட்டாதீங்க. வளைஞ்ச கொம்பு விடுபட்டா மூஞ்சியிலதான் அடிக்கும். கழட்டறது அவரு கையாலயே நடக்கட்டும். அதே சமயம் காட்டுக்குள்ள அந்த மாதிரி தழை வேலி எதையாவது பாத்தீங்கன்னா அது மாமா வேலை இல்ல. தொடாதீங்க, நிக்காதீங்க, போன்ல இடத்தைக் குறிச்சுட்டு வந்து பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்க.

கிரிக் டீச்சர்:

ஐயா எழுதியதைப் படித்து மனம் கனத்தது. ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். கிரிக்கிலிருந்து ஜெலி போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை எங்களுக்குப் பக்கம். யானை குறுக்கே நிற்பது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. புலி அப்படி இல்லை. 2023ல் கிளந்தானின் குவா மூசாங்கில் புலி அடித்து ஆட்கள் இறந்தார்களே, அதில் பால் மரம் வெட்ட, அதாவது ரப்பர் பால் எடுக்க, போனவர்களும் உண்டு. அந்த வாரங்களில் என் வகுப்பில் ஒரு பையன் தன் அம்மா விடியற்காலையில் மரம் வெட்டப் போகக்கூடாது என்று அழுதான். அவளுக்கு நாள் கூலி. போகாமல் எப்படி? நகரத்தில் உட்கார்ந்து கொண்டு புலியைக் காப்பாற்றுவோம் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. ஐயாவைச் சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

கூலிம் ராஜா:

எனக்கு ஒரு சந்தேகம். இந்தியாவில 2022 கணக்குப்படி 3,682 புலி. அங்க எவ்வளவு ஜனம், எவ்வளவு நெருக்கடி. தமிழ்நாட்டுல மட்டும் அஞ்சு புலிகள் காப்பகம். நேப்பாளம் கூட 2009ல 121 இருந்ததை 2022ல 355 ஆக்கிட்டான். நமக்கு அவ்வளவு காடு இருக்கு, தாமான் நெகாரா தேசியப் பூங்கா மட்டுமே 4,343 சதுர கிலோமீட்டர். ஆனா இங்க குறையுது. நம்ம ஆளுங்களுக்குத் திறமை இல்ல, அவ்வளவுதானே?

பட்டறைக்காரன்:

டீச்சரம்மா, எங்க அம்மாவும் பால் மரம் வெட்டினவங்கதான். நாலரைக்கு எழுந்து, தலையில விளக்கைக் கட்டிக்கிட்டு, இருட்டுல மர நிரையில இறங்குவாங்க. விளக்கு வெளிச்சம் மரத்து மேல மட்டும்தான் விழும், முதுகுக்குப் பின்னால என்ன இருக்குன்னு தெரியாது. எங்க பாட்டி ராத்திரியில புலின்னு பேரைச் சொல்ல விட மாட்டாங்க, "பெரியவரு"ம்பாங்க. மலாய்க்காரங்க "பாக் பெலாங்"னு சொல்றாங்க இல்ல, அதே பயம், அதே மரியாதை. அதனால அந்தப் பையன் அழுததை நான் லேசா எடுக்கல.

ஆனா யோசிச்சுப் பாருங்க. புலி எதுக்கு நிரைக்கு வருது? மூணு காலோட இருக்கற புலிக்கு ரூசா மானைத் துரத்த முடியாது. கட்டி வச்ச மாடு, நாய், குனிஞ்சு வேலை செய்யற மனுஷன், இதுதான் கைக்கு எட்டும். நாலு காலும் நல்லா இருக்கற புலிக்கும் சாப்பாடு வேணுமே. ரூசா, கிஜாங் மானெல்லாம் அதே சுருக்குல போச்சு. மிச்சம் இருந்தது காட்டுப்பன்னி, ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்த பிறகு அதுவும் பல இடத்துல கொத்துக் கொத்தா விழுந்துச்சு. எல்லாத் தாக்குதலுக்கும் சுருக்குதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். காட்டை வெட்டினதும் இருக்கு, ரோடு போட்டதும் இருக்கு. என் டிரம்முக்கும் அதுல ஒரு பங்கு இருக்கு. நான் சொல்றது அவ்வளவுதான்.

தம்பி ராஜா, திறமை இல்லன்னு ஒரே போடா போட்டுட்டீங்க. இந்தியாக்காரன் 1973ல ஒன்பது காப்பகத்தோட ஆரம்பிச்சான். ஐம்பது வருஷம் பாடுபட்டதுக்கு அப்புறம்தான் இந்த எண்ணிக்கை, நடுவுல அவனுக்கும் சறுக்கல் உண்டு. அதோட அங்க இருக்கற காடு வேற. புல்வெளி, மூங்கில், புள்ளிமான் கூட்டம் கூட்டமா மேயும். நம்ம மழைக்காடு பாக்கத்தான் பச்சை. தரையில மான் தின்ன புல்லு கிடையாது, எல்லா இலையும் நூறடி மேல. மான் கம்மி, அதனால புலியும் ஒண்ணுக்கொண்ணு ரொம்பத் தள்ளித்தான் இருக்கும். அங்க நல்ல காப்பகத்துல நூறு சதுர கிலோமீட்டருக்குப் பத்து புலி கூட இருக்கும், இங்க ஒண்ணு இருந்தாலே பெருசு. பெட்டைப் புலி குட்டி போட்டா ரெண்டு மூணு, அதுங்க தாயை விட்டுப் பிரிய ரெண்டு வருஷம். இப்படிப்பட்ட இடத்துல ஒரு பெட்டை போச்சுன்னா ஒரு வட்டாரமே காலி. 2016 பிப்ரவரியில திரெங்கானு பக்கம் கிழக்குக் கரை நெடுஞ்சாலையில கார் மோதி ஒரு பெட்டை செத்துச்சு. வயித்துல ரெண்டு குட்டி. நம்ம கணக்குல அது ஒண்ணு இல்ல, மூணு.

குறை சொல்ல இடம் இல்லாம இல்ல. 2008ல போட்ட திட்டத்துல 2020க்குள்ள 1,000 புலின்னு எழுதினாங்க. அந்த 2020ல எங்க வந்து நின்னோம்னு மேலேயே சொல்லிட்டேன். பெலும் காட்டை 2007ல மாநிலப் பூங்கான்னு அறிவிச்சாங்க, 117,500 ஹெக்டேர். கிழக்கு மேற்கு நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம் இருக்கற தெமெங்கோர்ல மரம் வெட்டினாங்க. புலிக்கு அந்த ரோடு எல்லைன்னு யாரு சொன்னா? ரோட்டுல வண்டியை நிறுத்தி இறங்கினா ரெண்டு பக்கமும் காடு, வேட்டைக்காரனுக்கு அதைவிட வசதி என்ன வேணும். பகாங்குல 2023ல தாமான் நெகாராவை ஒட்டி புலிக்குன்னே ஒரு அரச காப்பகம் வந்திருக்கு. நல்லதுதான். ஆனா நம்ம வாடிக்கைக்காரர் சொல்றது ஒண்ணுதான். போர்டு வைக்கற இடத்துல ஆள் நடக்கணும். அவங்க குழு உள்ள போனா பல நாள் தங்கல். அரிசி, கருவாடு, கித்தான் எல்லாம் முதுகுல. சுருக்கை முதல்ல கண்டுபிடிக்கறது எப்பவும் கூட வர்ற தெமியார் பூர்வகுடிப் பையன்தானாம். சருகு விழுந்திருக்கற விதத்தைப் பாத்தே "இங்க ஒருத்தன் உக்காந்திருக்கான்"னு சொல்லிடுவானாம். இவரு ராணுவத்துல எத்தனையோ வருஷம் காட்டுல கிடந்தவரு. அவன் முன்னால நான் ஈப்போ டவுன்காரன்னு சிரிப்பாரு.

மீனாவுக்கு ஒண்ணு விட்டுட்டேன். கருப்பன் திரும்பி வந்தாலும் சரி, புதுசா ஒண்ணு வளத்தாலும் சரி, தடுப்பூசி போட்டுடுங்க. 2019ல டுங்குன் பக்கம் பட்டப்பகல்ல ஒரு புலி கிராமத்துக்குள்ள நடந்து வந்துச்சே, ஆளைப் பாத்து ஓடாம, தூக்கத்துல நடக்கற மாதிரி? அவாங் பெசுல்னு பேர் வச்சாங்க. கொஞ்ச நாள்ல செத்துடுச்சு. பாத்தா நாய்க்கு வர்ற டிஸ்டெம்பர் நோய். காட்டோர நாய்க்கும் காட்டுக்கும் நடுவுல வேலி கிடையாது.

லிந்தாங் மீனா:

எல்லாருக்கும் நன்றி. எழுத ரெண்டு வாரம் ஆயிடுச்சு, மன்னிச்சுக்கங்க.

பட்டறை ஐயா சொன்ன மாதிரியே ஒரு சாயங்காலம் அப்பாவைக் கூட்டிட்டு மாமா வீட்டுக்குப் போனேன். அப்பாகிட்ட முதல்ல இந்தப் பேச்சையெல்லாம் போன்ல படிச்சுக் காட்டினேன். பித்தளை வளையம் வந்த இடத்துல "இன்னொரு தடவை படி"ன்னாரு, வேற ஒண்ணும் சொல்லல. சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய வந்து நின்னாரு.

மாமா வாசல்ல உக்காந்து சாக்குத் தைச்சிட்டிருந்தாரு. நான் பேச ஆரம்பிச்சு, புலி, சட்டம், அபராதம்னு என்னென்னமோ சொன்னேன். அவரு தலையே தூக்கல. அப்பாதான், "எத்தனை வச்சிருக்க"ன்னு கேட்டாரு. ஏழுன்னாரு. நாங்க ஒண்ணுதான்னு நினைச்சிட்டிருந்தோம்.

அப்புறம் எழுந்து உள்ள போனாரு. உரம் வைக்கற ஸ்டோர்லேர்ந்து ஒரு சிவப்பு வாரை எடுத்துட்டு வந்து என் கையில கொடுத்தாரு. கருப்பனோட கழுத்து வார். நான் பசார்ல வாங்கினது, பக்கிள் உடைஞ்சு நூலால நானே கட்டினது. ஓடைக்கு அந்தப் பக்கம் வச்ச சுருக்குல மாட்டியிருக்கான். காலையில மாமா போய்ப் பாத்தப்ப உயிர் இல்லையாம். அங்கேயே பொதைச்சுட்டாராம். "உன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல வாய் வரலம்மா"ன்னாரு. பத்து நாளும் எங்க வீட்டுக்கு வந்து காப்பி குடிச்சுட்டு, நாய் வந்துச்சான்னு கேட்டுட்டுப் போனவரு.

எனக்குக் கோபம் வந்துச்சு, இன்னும் இருக்கு. ஆனா மறுநாள் காலையில அப்பாவும் மாமாவும் சேந்து போய் ஏழையும் கழட்டினாங்க. அதுக்கப்புறம்தான் தடத்தைப் பத்தி பெர்ஹிலித்தானுக்குப் போன் பண்ணினேன். முதல்ல பண்ணியிருக்கணுமோ என்னமோ, அந்த வரிசையிலதான் என்னால முடிஞ்சுச்சு. ரெண்டு பேரு வந்தாங்க. நான் ஸ்கேல் வச்சு எடுத்த படத்தைப் பாத்தாங்க. எட்டரை சென்டிமீட்டர். சிறுத்தைதான்னு சொல்லிட்டாங்க. நாய், கோழியை ராத்திரியில கூட்டுல அடைக்கச் சொன்னாங்க, விடியறதுக்கு முந்தி தனியா நிலத்துக்குப் போக வேணாம்னாங்க. பாவம், அந்தச் சிறுத்தை மேல பழி போட்டேன்.

கன்னுக்கு வலைக் கூடு போட ஆரம்பிச்சிருக்கோம். மாமா நிலத்துக்கும் சேத்து அப்பாதான் கம்பி வலை வெட்டித் தர்றாரு. ரெண்டு பேரும் அதிகம் பேசிக்கறதில்ல, ஆனா சேந்துதான் வேலை செய்யறாங்க.

ஈப்போ குமரன்:

கருப்பனுக்காக வருத்தமா இருக்கு மீனா. நம்பர் ஜோக்கு அடிச்சதுக்கு மன்னிச்சுக்க.

பட்டறைக்காரன்:

மகளே, மாமா மேல கோபம் இருக்கட்டும், தப்பில்ல.

நான் இப்ப பழைய கம்பியைக் கழட்டினதும் கட்டரை வச்சு விரல் நீளத்துக்கு நறுக்கித்தான் இரும்புக் கடைக்காரனுக்குப் போடறேன். நீல டிரம்முல இப்ப மழைத் தண்ணி பிடிக்கறோம். கம்பி கேட்டு இன்னும் வர்றாங்க. நறுக்கின துண்டைக் காட்டினா கிழவனுக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு சொல்லிட்டுப் போறாங்க.

உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த ஏழு கம்பியையும் தூக்கிப் போடாதீங்க. இப்ப அதைக் கையில வச்சிருக்கறதே குத்தம், அதனால பெர்ஹிலித்தான் ஆளுங்களைத் திரும்பக் கூப்பிட்டு அவங்ககிட்டயே ஒப்படைச்சுடுங்க. கொடுக்கறதுக்கு முந்தி முனையை மட்டும் ஒவ்வொண்ணா கிட்ட வச்சுப் படம் எடுத்து எனக்குக் காட்டுங்க. முக்கியமா ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது.